நிறத்துக்கு 30, உடல்நிலைக்கு 10

பிரிட்டனில் நடக்கும் ஹாம்ஸ்டர் கண்காட்சியில் நடுவர், பிராணியைக் கையில் எடுத்ததும் அதன் முதுகில் மெல்ல ஊதிப் பார்ப்பார். ஊதினால் ரோமம் விலகி அடிவரை தெரியும். தங்க நிற சிரிய ஹாம்ஸ்டருக்கு மேல்ரோமம் செம்பழுப்பாக இருந்தால் மட்டும் போதாது. அடிரோமம் கருஞ்சாம்பல் நிறமாக இருக்க வேண்டும், கன்னத்தில் கறுப்புக் கீற்று துலக்கமாக ஓட வேண்டும், வயிறு தந்த வெண்மையில் இருக்க வேண்டும். நமக்கு அச்சடித்தாற்போலத் தெரியும் இரண்டு பிராணிகளில் எது முதலிடம், எது நான்காமிடம் என்பது அந்த ஓர் ஊதலிலேயே முடிவாகிவிடலாம்.

பழக்கத்தால் மட்டுமே வரும் இந்தக் கண்கூர்மையை நான் மதிக்கிறேன். அதன் பின்னால் எழுதிவைத்த இலக்கணமும் இருக்கிறது. நேஷனல் ஹாம்ஸ்டர் கவுன்சில் பின்பற்றும் சிரிய ஹாம்ஸ்டர் தரநிலையில் மொத்தம் 100 மதிப்பெண்: நிறத்துக்கும் குறிகளுக்கும் 30, உடலமைப்புக்கு 25, ரோமத்துக்கு 20, பருமனுக்கு 10, உடல்நிலைக்கு 10, கண்ணுக்கும் காதுக்கும் 5. அகன்ற உடம்பு, உருண்ட பெரிய தலை, மழுங்கிய மூக்கு, இடைவெளி விட்டு அமைந்த பெரிய கண்கள் என ஒவ்வோர் உறுப்புக்கும் வரையறை உண்டு. பிராணி பெரியதாக இருக்கலாம், கொழுத்திருக்கக் கூடாது.

முறையின் நேர்மை கூண்டிலேயே தொடங்குகிறது. தரநிலைப் பிரிவுகளில் எல்லாப் பிராணிகளும் ஒரே அளவு, ஒரே வண்ணக் கூண்டில் வருகின்றன. வெளியே எண் மட்டும் ஒட்டியிருக்கும். வளர்த்தவர் யார் என்பதைக் கூண்டு காட்டிக்கொடுக்காது. ஆனாலும் இது சிறிய வட்டம். அரிய நிறம் ஒன்று ஓரிருவர் கையில் மட்டும் இருக்கும்போது, எண்ணைத் தாண்டி ஆளை ஊகிப்பது நடுவருக்குக் கடினமல்ல. அது நடுவர் குற்றமும் அல்ல.

கண்காட்சியின் ஆகச் சிறந்த விதி மதிப்பெண் பட்டியலுக்கு வெளியே இருக்கிறது. நோய் தெரிந்தால் தகுதி நீக்கம். கைக்கு அடங்காமல் கடிக்கப் பாய்ந்தாலும் தகுதி நீக்கம்தான். எவ்வளவு அழகான நிறமானாலும் விலக்கில்லை. சிரிய ஹாம்ஸ்டர் தனித்து வாழும் இனம். வளர்ந்த இரண்டை ஒரே கூண்டில் விட்டால் ஒன்றையொன்று குதறிக்கொள்ளும். அப்படிப்பட்ட உயிரை முன்பின் தெரியாத ஒருவர் உள்ளங்கையில் புரட்டிப் பார்க்கும் அளவுக்குச் சாதுவாக்கியதில் வளர்த்தவரின் அன்றாடப் பழக்கத்தோடு இந்த விதிக்கும் பங்குண்டு. ஒரு குழந்தை ஹாம்ஸ்டரைப் பயமின்றிக் கையில் ஏந்தும்போது அந்தப் பயனைக் கண்ணெதிரே பார்க்கிறோம்.

அப்படியானால் குறை எங்கே? மேசைக்கு வரும் பிராணியின் உடம்பில் தெரியும் பிழையை இந்த முறை தயங்காமல் தண்டிக்கிறது. வராத உடன்பிறப்புகளின் மீது நிகழ்ந்த பிழை அதன் பார்வைக்கே எட்டுவதில்லை.

இதற்கு இரண்டு உதாரணங்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். சாட்டின் என்ற பளபளப்பு ரோம வகையில் தாய், தகப்பன் இரண்டும் சாட்டினாக இருந்தால், மரபணுவை இரட்டையாகப் பெறும் குட்டிக்கு ரோமம் மெலிந்து, எண்ணெய் தடவியதுபோல் ஒட்டிக் கிடக்கும். அந்தக் குட்டி கண்காட்சிக்கு வந்தால் ரோமத்துக்கான 20 மதிப்பெண்ணில் பெரும்பகுதி போய்விடும். ஆகவே வளர்ப்பவர் அப்படி இணை சேர்க்கமாட்டார். இங்கே மேசைத் தீர்ப்பு வீட்டுக் கூண்டுவரை சென்று வேலை செய்கிறது.

ரோன் நிறத்தின் கதை வேறு. வெள்ளை உடம்பில் வண்ண முடிகள் தூவினாற்போல் கலந்திருக்கும் அழகான வகை இது. அதைத் தரும் மரபணு தங்க நிற ஹாம்ஸ்டரில் வயிற்றை வெளுப்பாக்குகிறது. இந்த மரபணு உள்ள இரண்டை இணை சேர்த்தால், பிறப்பவற்றில் சராசரியாக நாலில் ஒன்று கண்ணே இல்லாமல் வெள்ளையாகப் பிறக்கும். பொறுப்புள்ள வளர்ப்பாளர்கள் இந்த இணையைத் தவிர்க்கிறார்கள், சங்கங்களும் எச்சரிக்கின்றன. ஆனால் முதுகின் குறுக்கே வெள்ளைப் பட்டை கொண்ட வகைக்கு வயிறு எப்படியும் வெள்ளைதான். அதற்குள் இந்த மரபணு ஒளிந்திருந்தால் எந்த ஊதலும் காட்டாது. பரிசு வாங்கிய ரோனின் கூடப்பிறந்தவற்றில் கண்ணில்லாதவை இருந்தனவா என்று மதிப்பெண் தாள் கேட்பதுமில்லை. புள்ளி வகை ஒன்றில், புள்ளியைத் தரும் மரபணுவை இரட்டையாகப் பெற்ற கரு தாய் வயிற்றிலேயே அழிந்துவிடுகிறது. அங்கே குற்றம் சாட்ட ஒரு குட்டிகூட மிஞ்சாது.

நம்மூர்ச் சந்தையில் மாடு பிடிப்பவர் பல்லையும் சுழியையும் பார்த்த கையோடு, தாய் எத்தனை லிட்டர் கறந்தது என்று கேட்காமல் பேரத்தை முடிக்கமாட்டார். அந்தக் கேள்விதான் ஹாம்ஸ்டர் மேசையில் இல்லை.

அது அவசியம் என்பதற்கு இந்த இனத்தின் வரலாறே காரணம். 1930இல் அலெப்போ அருகே விலங்கியலாளர் இஸ்ரேல் அஹரோனி ஒரு தாயையும் குட்டிகளையும் வளையிலிருந்து தோண்டியெடுத்தார். ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகத்தில் அந்த உடன்பிறப்புகளையே இணை சேர்த்துப் பெருக்கினார்கள். இன்று உலகெங்கும் வீடுகளில் இருப்பவை பெரும்பாலும் அந்த ஒரே ஈற்றின் வழிவந்தவை. இவ்வளவு குறுகிய வம்சத்தில் அரிய நிறத்துக்காக மேலும் நெருங்கிய உறவில் இணை சேர்க்கத் தூண்டும் எந்தப் பரிசும் கூடுதல் கவனத்தோடு தரப்பட வேண்டும்.

இயற்கை தந்த ஏற்றத்தாழ்வுகளும் உண்டு. நீள்ரோம வகையில் பாவாடைபோல் தரையைத் தொடும் ரோமம் ஆணுக்குத்தான். அது ஆண் ஹார்மோனால் வருவது. பெண்ணுக்கு ரோமம் சற்றே நீண்டு புசுபுசுவென்று நின்றுவிடும். பருமனில் பெண்தான் பெரியது. இவற்றைப் பிரிவு வகுத்துச் சமாளிக்கலாம்.

பகல் வெளிச்சம் அப்படிச் சமாளிக்க முடியாதது. வளர்ப்பு ஹாம்ஸ்டர் இரவில் ஓடித் திரியும், பகலில் உறங்கும். (காட்டு ஹாம்ஸ்டர் பெண்கள் பகலில்தான் வளையை விட்டு வெளிவருகின்றன என்பது துருக்கியில் நடந்த கள ஆய்வில் தெரியவந்தது. ஆனால் கூண்டில் பிறந்தது கூண்டின் நேரப்படிதான் வாழ்கிறது.) கண்காட்சி நடப்பதோ பகலில். தூங்கும் ஹாம்ஸ்டரின் காது மடிந்திருக்கும். விழித்த பிறகுதான் விறைத்து நிற்கும். தரநிலையும் விழித்த நிலையில் நிமிர்ந்த காதைக் கேட்கிறது. தூக்கத்திலிருந்து எடுக்கப்பட்டு இன்னும் சுருண்ட காதோடு கண்ணைக் கொட்டும் பிராணியை நடுவர் பார்ப்பது, வளர்த்தவருக்கோ பிராணிக்கோ நியாயமில்லை.

சிறிய காட்சிக் கூண்டு ஒரு நாள் இடம்தானே என்கிறார்கள். ஒரு நாளுக்கு ஒப்புக்கொள்கிறேன். மற்ற நாட்களை யார் பார்த்தார்கள்? சுவிட்சர்லாந்தில் நடந்த ஆய்வுகள் 1,800 முதல் 10,000 சதுர சென்டிமீட்டர் வரையான கூண்டுகளையும், 10 முதல் 80 சென்டிமீட்டர் வரையான படுகை ஆழத்தையும் ஒப்பிட்டன. இடம் குறைந்தபோதும் தோண்ட ஆழம் இல்லாதபோதும் ஹாம்ஸ்டர் கம்பியைக் கடிப்பது அதிகமானது. இரவெல்லாம் கம்பியைக் கடித்த பிராணியும் காலையில் 30க்கு 29 வாங்கும் நிறத்தோடு வந்து நிற்க முடியும்.

வீட்டுச் செல்லங்களுக்கான தனிப் பிரிவு எனக்கு இதனால்தான் பிடிக்கிறது. அங்கே நிறத்துக்கு வேலையில்லை. உடல்நிலையும் கைக்கு இணங்கும் குணமும்தான் பார்க்கப்படுகின்றன. இதைச் சிறுவர்களுக்கான ஓரப் பிரிவாகக் கருதுவது தவறு. முதன்மைத் தரநிலையின் உடல்நிலை மதிப்பெண்ணை 10இலிருந்து 25ஆக உயர்த்தி, நிறத்திலிருந்து அந்த 15ஐ எடுக்கலாம். ஊதிப் பார்க்கும் கலை அதனால் அழிந்துவிடாது.

வம்சத்தை மேசைக்குக் கொண்டுவரும் வழியும் எளியதுதான். தரநிலைப் பிரிவில் நுழையும் ஒவ்வொன்றுக்கும் தாய் தகப்பன் வகை, ஈற்றில் பிறந்தவை எத்தனை, பிழைத்தவை எத்தனை, கண்ணில்லாதவை உண்டா என்று எழுதிய தாள் ஒன்று வேண்டும். நடுவர் தீர்ப்புச் சொன்ன பிறகு அதைப் பிரித்தால் போதும், எண்ணின் மறைவும் கெடாது. ஹாம்ஸ்டரின் ஆயுள் இரண்டு, இரண்டரை ஆண்டுதான். ஆகவே எல்லாக் கண்காட்சிகளிலும் 18 மாதம் கடந்தவற்றுக்கு ஒரு பிரிவு இருக்கட்டும். பல், நகம், எடை, நடை இவற்றுக்கு மட்டும் அதில் மதிப்பெண். இளமையில் கோப்பை வாங்கியவை அந்தப் பிரிவுக்கு எத்தனை திரும்பி வருகின்றன என்பதைச் சங்கங்கள் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.