ஓணானின் நாலாவது விரல்

ஏழு வயதுப் பிள்ளையிடம் ஒரு தாளையும் கலர் பென்சிலையும் கொடுத்து, "ஏதாவது வரை" என்று சொல்லிப் பாருங்கள். முக்கோணமாக இரண்டு மலை, நடுவில் அரைச் சூரியன், கீழே வளைந்து வரும் ஆறு, ஓரத்தில் ஒரு தென்னை, வானத்தில் நாலைந்து டிக் குறி. அந்த டிக் குறிகள்தான் பறவைகள். கண்ணுக்கெட்டிய தூரம் மலையே இல்லாத திருவாரூர்ப் பக்கத்துப் பிள்ளையும் இதையேதான் வரைகிறது. விலங்கு வரையச் சொன்னால் சிங்கம், ஒட்டகச்சிவிங்கி, பாண்டா. பாண்டாவை அது பார்த்ததெல்லாம் பென்சில் டப்பா மூடியில். வாசல் முருங்கையில் தினமும் தலையாட்டிக்கொண்டிருக்கும் ஓணானுக்குத் தாளில் இடம் கிடைத்ததே இல்லை.

வரையத் தெரியவில்லை என்று ஓவிய வகுப்பில் சேர்க்கிறோம். பெரும்பாலான வகுப்புகளில் அதே மலைக்கு நிழல் போடக் கற்றுத் தருகிறார்கள். பிள்ளையின் கையில் குறை ஒன்றும் இல்லை. ஒரு உயிரை நின்று பார்க்க நாம்தான் அதற்கு நேரம் விடுவதில்லை. வரைந்து கொண்டுவந்தால் நமக்கும் அதில் எதைப் பார்ப்பது என்று தெரிவதில்லை. "சூப்பர்டா கண்ணா" என்று ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டு வேலையைப் பார்க்கிறோம்.

என் அக்கா மகள் ஒருமுறை ஓணான் வரைந்தாள். உடம்பு கோணிப்பை மாதிரி இருந்தது. வால் தாளுக்குள் அடங்கவில்லை. இன்னொரு தாளைச் சோற்றுப் பருக்கை தேய்த்து ஒட்டி அதில் மீதி வாலை நீட்டியிருந்தாள். "வாலை இவ்வளவு நீளமாவா போடுவாங்க?" என்று அக்கா சிரித்தாள். பின்னங்காலில் ஒரு விரல் மட்டும் மற்றவற்றைவிட நீட்டிக்கொண்டிருந்தது. கை தவறிவிட்டது போல என்று நானும் நினைத்தேன். மறுநாள் முருங்கையடியில் போய் நின்று பார்த்தேன். வால் உடம்பைப்போல் இரண்டு மடங்குக்குமேல் இருந்தது. பின்னங்காலின் ஐந்து விரல்களில் நாலாவதுதான் நெட்டை. நாற்பது வருஷமாக ஓணான் பார்த்தவன், அந்த விரலை ஒரு ஏழு வயதுக்காரியின் தாளிலிருந்து தெரிந்துகொண்டேன்.

அன்றிலிருந்து பிள்ளைகளின் படத்தைப் பார்க்கும் என் வழக்கம் மாறிவிட்டது. கோடு நேராக இருக்கிறதா, கலர் வெளியே வழிந்திருக்கிறதா என்று தேடுவதில்லை. இதில் நேரில் பார்த்து வந்தது எது என்று தேடுகிறேன். காகத்தை முழுக்கக் கறுப்பாக அடித்திருந்தால் அது மனப்பாடக் காகம். கழுத்தை மட்டும் சாம்பலாக விட்டிருந்தால், அந்தப் பிள்ளை வீட்டுக் காகத்தை உண்மையாகவே பார்த்திருக்கிறது. முழுக் கறுப்பும் தடித்த அலகுமாக வந்தால் சட்டென்று தள்ளிவிடாதீர்கள், அண்டங்காக்கையைப் பார்த்திருக்கலாம். "எங்க பார்த்த?" என்று ஒரு கேள்வி போட்டால் தெரிந்துவிடும். மைனாவின் கண்ணைச் சுற்றி மஞ்சள் திட்டு இருக்கிறதா, செம்போத்தின் கண் சிவப்பா, கரிச்சானின் வால் நுனி இரண்டாகப் பிரிகிறதா? அணிலின் முதுகில் கோடு எத்தனை? நம் ஊரில் மூன்று. வட இந்தியாவில் ஐந்து கோடு அணில் உண்டு. ராமர் தடவிய கதையை அங்கே ஐந்து விரலால் சொல்ல வேண்டியிருக்கும்.

சரி, பார்க்க வைப்பது எப்படி? முதலில் நகராத ஆளாகப் பிடியுங்கள். வரையாடும் மரகதப்புறாவும் தமிழ்நாட்டின் விலங்கு, பறவை என்று பள்ளியில் சொல்லித் தருவது சரிதான். ஆனால் எத்தனை பிள்ளைகளுக்கு ஆனைமலை உச்சியில் நின்று வரையாட்டைப் பார்க்க வாய்க்கும்? கிணற்றடி நத்தை, ஏரி ஓரம் நிற்கும் மடையான், எருமை முதுகில் சவாரி செய்யும் கரிச்சான், வெயில் காயும் ஓணான் ஆகியவைதான் பொறுமையான மாடல்கள். எறும்பு நிற்காது என்றாலும் வெல்லத்துணுக்கு வைத்தால் கொஞ்ச நேரம் தங்கும்.

முதல் ஐந்து நிமிஷம் பென்சிலைத் தொடவிடாதீர்கள். இதற்குத்தான் பெரியவர்களுக்கு அதிகப் பொறுமை வேண்டும், பிள்ளைகளுக்கு அல்ல. அந்த நேரத்தில் விளக்கம் சொல்லாமல் கேள்வி மட்டும் கேளுங்கள். "கால் உடம்புல எங்கேருந்து கிளம்புது?" என்ற ஒரே கேள்வி ஒரு மாதத்துக்குப் போதும். எறும்பின் ஆறு காலும் நடுத்துண்டிலிருந்து கிளம்புகின்றன. பட்டாம்பூச்சிக்குக் காலும் இறக்கையும் அங்கிருந்தேதான். கடையில் விற்கும் படப்புத்தகங்கள் சிலவற்றில் இறக்கை வயிற்றில் முளைத்திருக்கும். அதைக் கண்டுபிடித்த பிள்ளை ஒரு வாரம் கர்வத்தோடு திரியும், திரியட்டும். பட்டாம்பூச்சி பெரும்பாலும் இறக்கையை மூடித்தான் உட்காருகிறது என்பதையும் அது கவனித்துவிட்டால், எல்லாரும் போடும் விரித்த படத்தை விட்டுப் பக்கவாட்டுப் படம் ஒன்று வரும். தட்டானுக்கும் ஊசித்தட்டானுக்கும் இதேதான் வித்தியாசம்: முன்னது உட்கார்ந்தால் இறக்கையை விரித்தே வைத்திருக்கும், பின்னது பெரும்பாலும் சேர்த்து வைத்துக்கொள்ளும்.

அப்புறம் ஒரு விளையாட்டு. கண் உயிரின் மேலேயே இருக்க, தாளைப் பார்க்காமல் கை மட்டும் வரைய வேண்டும். படம் கோணலாகத்தான் வரும். ஆனால் அந்தக் கோணல் கோட்டில் ஓணானின் முதுகு வளைவு எப்படியோ வந்து உட்கார்ந்திருக்கும். பெரியவர்களும் கூட உட்கார்ந்து வரையுங்கள். நம்முடையது அவர்களுடையதைவிட மோசமாக வருவது அவர்களுக்குப் பெரிய ஊக்கம்.

கலருக்குக் கடைக்கு ஓட வேண்டாம். மஞ்சள்தூளைக் குழைத்தால் மைனாவின் கால். அதில் துளி சுண்ணாம்பு கலந்தால் சிவந்துவிடும், செம்போத்தின் கண் தயார். அடுப்புக்கரியும் சாம்பலும் காகத்துக்கு. செம்மண்ணைத் துணியில் வடிகட்டிக் கொஞ்சம் பசை சேர்த்தால் அணில் நிறத்துக்குப் பக்கத்தில் வரும். சங்குப்பூவைக் கசக்கினால் நீலம். எலுமிச்சைச் சாறு பட்டால் அதுவே ஊதாவாக மாறும். பல் தேய்க்கிற வேப்பங்குச்சியை மென்று நுனியைப் பிய்த்தால் அதுதான் பிரஷ். இப்படித் தேடும்போது ஒரு நிறத்துக்காகப் பறவையைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கிறது. டப்பாவில் இருக்கும் 'பிரவுன்' எல்லாப் பழுப்புக்கும் ஒன்றுதான். வாசலில் கிடக்கும் பழுப்பு ஒவ்வொன்றும் வேறு.

கை பழகிய பிறகு ஒருமுறை மாமல்லபுரம் கூட்டிக்கொண்டு போங்கள். அர்ச்சுனன் தவம் என்று சொல்லும் அந்தப் பெரும்பாறையில் தெய்வங்களைத் தேட வேண்டாம், கீழ்ப்பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். தாய் தகப்பன் காலடியில் யானைக் குட்டிகள் ஒண்டியிருக்கும். பின்னங்காலைத் தூக்கி மூக்கைச் சொறியும் ஒரு மான் இருக்கும். சற்றுத் தள்ளித் தனிக்கல்லில் ஒன்றுக்கொன்று பேன் பார்க்கும் குரங்குக் குடும்பம். 7-ஆம் நூற்றாண்டில் உளி பிடித்தவர், மான் எப்படிச் சொறிந்துகொள்ளும் என்று எங்கோ நின்று பார்த்திருக்கிறார். புதுக்கோட்டைப் பக்கம் போனால் சித்தன்னவாசல் கூரையில் தாமரைக் குளம் இருக்கிறது. மீனும் வாத்தும் யானையும் பூக்களுக்கு நடுவே. வரலாறு சொல்லிக் களைப்பாக்காமல், "இதுல எது நேர்ல பார்த்து வரைஞ்சது?" என்று கேளுங்கள்.

மா. கிருஷ்ணன் (1912–1996) பெயரையும் சொல்லலாம். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். 1950 முதல் கடைசிவரை 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் இயற்கை பற்றிப் பத்தி எழுதினார். ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதிய அவர், கட்டுரைகளுக்குக் கறுப்பு மையால் தாமே படமும் போட்டார். கலரே இல்லாமல் ஒரு பறவையை யாரென்று காட்டிவிட முடியும் என்பதற்கு அவர் கோடுகளைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

இரண்டு கண்டிப்புகள். வரைவதற்காகத் தும்பியின் வாலில் நூல் கட்டுவது, கூட்டை விலக்கி முட்டை பார்ப்பது எல்லாம் கிடையாது. நாங்கள் சிறுவயதில் நூல் கட்டியவர்கள்தான், அதனால்தான் சொல்கிறேன். கூண்டுக் கிளியைப் பார்த்தும் வரைய வேண்டாம். நம் ஊர்க் கிளியைக் கூண்டில் வளர்ப்பது சட்டப்படி குற்றம், அதோடு கூண்டுக் கிளி கூண்டைத்தான் வரையக் கற்றுக்கொடுக்கும்.

போன தை மாதம் அக்கா மகளை ஏரிக்கரைக்கு அழைத்துப் போனேன். சேற்றோரம் ஒரு மடையான், கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு, மண்ணோடு மண்ணாக. செம்மண்ணும் சாம்பலும் குழைத்து முக்கால் மணி நேரம் வரைந்தாள். மார்பின் பழுப்புக் கோடுகளைக்கூட ஒவ்வொன்றாகப் போட்டாள். முடிக்கும் நேரத்தில் ஆடு ஒன்று கரையில் இறங்க, மடையான் எழுந்து பறந்தது. பறக்கையில் இறக்கை முழுக்க வெள்ளை வெளேரென்று.

"மாமா, ஏமாத்திடுச்சு!" என்றாள். அழுகிற நிலைமை. மடையான் அப்படித்தான், நிற்கும்போது மண், பறந்தால் வெள்ளை என்று சொல்ல வாயெடுத்தேன், அடக்கிக்கொண்டேன். சற்று நேரம் தாளையே முறைத்துக்கொண்டிருந்தாள். பிறகு இன்னொரு தாளை இரண்டு இறக்கையாகக் கிழித்து, ஒரு பக்கம் செம்மண்ணைப் பூசினாள். மறுபக்கத்தைப் பூசாமல் விட்டாள். பறவையின் தோளில் சோற்றுப் பருக்கையால் ஒட்டி மடித்து வைத்தாள்.

"இப்ப அது நிக்குது" என்றாள். "ஆட்டைக் கூப்பிடுங்க."