பெயருள்ளோரும் பெயரற்றோரும்: கொடைக்கானல் இடப்பெயர்களில் இனப்படிநிலை

முன்னுரை

காலனிய நகரங்களில் நிலவிய இன ஏற்றத்தாழ்வு என்றதும் சென்னையின் வெள்ளையர் நகரம், கறுப்பர் நகரம் என்னும் பிரிவே முதலில் நினைவுக்கு வரும். அங்கே கோட்டை மதில் எல்லையாக நின்றது. பழனிமலைத் தொடரிலுள்ள கொடைக்கானலில் அத்தகைய மதில் இல்லை. அங்கு ஏற்றத்தாழ்வு இடப்பெயர்களில் படிந்துள்ளது என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

தோற்றக் கதை

1821இல் லெப்டினன்ட் வார்டு இம்மலையை நில அளவை செய்தார். 1834இல் தொடங்கப்பட்ட அமெரிக்க மதுரை மிஷன், தன் ஊழியர் குடும்பங்களில் நோயால் நேர்ந்த இறப்புகளைத் தொடர்ந்து, 1845இல் இங்கு இரண்டு வீடுகளைக் கட்டியது. அக்குடும்பங்களின் துயரம் மெய்யானது. ஆனால் அதற்குரிய தீர்வை வகுத்தது, வெப்பநாடு வெள்ளை உடலுக்கு ஒவ்வாது என்னும் அக்கால மருத்துவக் கருத்து. காலரா சமவெளி மக்களையும் கொன்றது. மலையின் குளிர் அவர்களுக்குரிய மருந்தாகக் கருதப்படவில்லை.

மேலும், இம்மலை ஆளற்ற வெளியன்று. பளியர், புலையர், குன்னுவர் ஆகியோர் இங்கு வாழ்ந்தனர். தாண்டிக்குடிப் பகுதியின் பெருங்கற்காலச் சின்னங்கள் இம்மலை வாழ்வின் தொன்மைக்குச் சான்று. 1845ஐ ஊரின் பிறப்பாண்டாகக் கூறும் சுற்றுலாக் கையேட்டு மரபு, இத்தொன்மையை முன்கதையாகக்கூட ஏற்பதில்லை.

பெயர்ச் சான்று

ஓடையைத் தடுத்து 1863இல் ஏரி அமைத்தவராக லெவிஞ்சு போற்றப்படுகிறார். 1872இல் அமைந்த நடைபாதை கோக்கரின் பெயரையும், பூங்கா பிரையண்டின் பெயரையும், மலைச்சாலை மேஜர் லாவின் பெயரையும் தாங்குகின்றன. மோட்டார் சாலை வருமுன், பெரியகுளத்தை அடுத்த கிருஷ்ணம்மா நாயக்கன் தோப்பிலிருந்து பயணிகளை டோலிகளிலும் நாற்காலிகளிலும் மனிதர்கள் சுமந்தனர். அப்பாதைக்கு ‘கூலி காட்’ என்று பெயர்.

வெள்ளையர் தனிமனிதராகப் பெயர் பெற, சுமந்தோர் ஒரு வகையாக மட்டுமே பெயர் பெற்றனர். ‘கூலி’ என்னும் சொல்லின் தோற்றம் குறித்து ஒருமித்த கருத்தில்லை; எனினும் தமிழில் அது உழைப்புக்குரிய ஊதியத்தைக் குறிக்கும். காலனிய ஆங்கிலத்தில் அது உழைப்பவரையே குறித்து, பின் இனவசையாகவும் திரிந்தது. தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகளும் ‘கூலி பாரிஸ்டர்’ எனப்பட்டார். ஊதியத்தின் பெயர் மனிதனின் பெயரானபோது மனிதன் மறைந்தான்.

டேன் கென்னடி தம் 1996ஆம் ஆண்டு நூலில், மலைவாசத் தலங்கள் இந்தியரை விலக்கி அமைய முயன்றவாறே இந்தியர் உழைப்பைச் சார்ந்திருந்த முரணைக் காட்டுகிறார். ஆயினும் ‘இந்தியர்’ என்னும் பொதுச்சொல்லுக்குள் சுமப்பவரும் பிற்காலத்தில் பங்களா வாங்கியவரும் ஒன்றாகிவிடுகின்றனர். 1947க்குப் பின் உரிமையாளர் மாறினர். ஏரிக்கரையின் பரந்த வளாகங்களும் ஆனந்தகிரி, மூஞ்சிக்கல் பகுதிகளின் நெருக்கமான குடியிருப்புகளும் அவ்வாறே நீடித்தன. ஆகவே இனம் என்னும் அளவுகோலோடு சாதியும் வர்க்கமும் இணைத்து நோக்கப்பட வேண்டும்.

இன்றைய தொடர்ச்சி

அமெரிக்காவின் வாட்டர்டவுனில் இயங்கிய வெப்பமானி ஆலை 1980களின் முற்பகுதியில் கொடைக்கானலுக்குப் பெயர்க்கப்பட்டது. பாதரசக் கழிவு வெளிப்பட்டபின் 2001இல் மூடப்பட்டது. மண்ணைத் தூய்மைப்படுத்துவதில் பிரிட்டனுக்கு ஓர் அளவு, இந்தியாவுக்கு வேறோர் அளவா எனக் கேட்ட செயற்பாட்டாளர்கள், இதனைச் சூழல் இனவாதம் என்றனர். 2016இல் முன்னாள் தொழிலாளர் 591 பேருடன் இந்துஸ்தான் யூனிலீவர் உடன்பாடு கண்டது. பொதுநினைவில் இவர்களும் எண்ணாகவே எஞ்சுகின்றனர்.

முடிவுரை

வெள்ளையர் பெயர்களை நீக்கித் தலைவர் பெயர்களைச் சூட்டுவது இதற்குத் தீர்வாகாது. சுமந்தோர் அப்போதும் பெயரற்றே இருப்பர். மிஷன் கணக்கேடுகள், நகராட்சி ஆவணங்கள் ஆகியவற்றோடு, பெரியகுளம் முதல் அய்யம்பாளையம் வரையிலான அடிவார ஊர்களின் வாய்மொழி வழக்காறுகளும் தொகுக்கப்பட வேண்டும். மலையுச்சியிலிருந்து எழுதப்பட்ட வரலாறு காட்சியைத் தந்தது. சுமையைப் பற்றிய வரலாறு அடிவாரத்திலிருந்தே எழுதப்பட இயலும்.