பட்டமும் மகுடமும்
அரச மணமகளிர் வரலாறுகள் பற்றிய ஒரு நோக்கு

அரச குடும்பங்களுள் மணம்புகுந்த பெண்களின் வாழ்க்கை வரலாறுகள் நூல்களாகவும் பத்திரிகைக் கட்டுரைகளாகவும் இடையறாது வெளிவருவன. அவற்றை ஒருசேர நோக்குவோர் அவற்றின் அமைப்பில் ஒரு பொதுமையைக் காண்பர். பள்ளி, பல்கலைக்கழகம், சில ஆண்டுத் தொழில் ஆகியன முதலிரு அத்தியாயங்களுள் அடங்கிவிடும். இளவரசனைச் சந்தித்த நாளிலிருந்தே கதை தொடங்கும். அதற்கு முந்திய இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் வெறும் முகவுரையாகக் கழிந்துவிடும். இம் முகவுரையையே நூலின் உடலாகக் கொண்டு வாசிக்குமிடத்து வேறொரு வரலாறு புலப்படுகின்றது.

இவ் அமைப்பின் மூலவடிவம் சிண்டரெல்லா கதையாகும். பிரெஞ்சு எழுத்தாளர் சார்ள் பெரோ 1697இல் வெளியிட்ட கதைத்தொகுதியில் இடம்பெறும் அப்பெண் நாள் முழுவதும் உழைப்பவள், பாத்திரம் துலக்குபவள், வீடு பெருக்குபவள். எனினும், கதையில் அவ்வுழைப்புக்குத் தனி மதிப்பு எதுவுமில்லை. அது அவள் அனுபவிக்கும் துன்பத்தின் அடையாளம் மாத்திரமே. பாதணி காலிற் பொருந்திய கணத்தில் அது மறக்கப்படுகின்றது. இருபதாம் நூற்றாண்டின் வரலாற்றாசிரியர்கள் இக்கதையின் அடுப்படியை அகற்றிவிட்டுப் பல்கலைக்கழகத்தை வைத்தனர். கதையின் தருக்கத்தை அவர்கள் மாற்றவில்லை.

கிறேஸ் கெலியின் வாழ்க்கை இதற்குத் தெளிவான சான்று. 1929இல் பிலடெல்பியாவில் வசதிபடைத்த குடும்பமொன்றிற் பிறந்த அவர், நியூயோர்க்கிலுள்ள அமெரிக்க நாடகக்கலைக் கழகத்திற் பயின்றார். விளம்பரங்களுக்குத் தோற்றமளித்து அக்காலத்திற் பொருளீட்டினார். 1949இல் பிரோட்வே அரங்கில் ஸ்றிண்ட்பேக்கின் நாடகமொன்றில் நடித்தார். பின்னர் தொலைக்காட்சி நாடகங்களிலும் பங்குகொண்டார். 1951 முதல் 1956 வரை பதினொரு திரைப்படங்களில் நடித்து, சிறந்த நடிகைக்கான ஒஸ்கார் விருதையும் பெற்றார். 1956 ஏப்பிரலில் மொனாக்கோவின் மூன்றாம் ரெய்னியரை மணந்ததோடு அவரது திரையுலக வாழ்வு முற்றுப்பெற்றது. 1962இல் அல்பிரட் ஹிச்கொக்கின் திரைப்படமொன்றில் மீண்டும் நடிக்க இணங்கினார். ஆயினும் சில மாதங்களுள் அம்முயற்சியைக் கைவிட நேர்ந்தது. வரலாற்றாசிரியர் பலர் அவரது நடிப்பை அரசிக்குரிய நடையுடை பாவனைக்கான ஒத்திகையாகவே விளக்குவர். இருபத்தாறு வயதில் ஒரு கலைஞரின் தொழில் நின்றுபோனமை அவர்களுக்கு இழப்பாகத் தோன்றவில்லை. கதையின் இன்ப முடிவுக்கு அந்நிறுத்தம் வேண்டப்பட்டது.

யப்பானிய அரச குடும்பத்தில் இப்பிரச்சினை மேலும் கூர்மையடைகின்றது. 1963இற் பிறந்த மசாக்கோ ஒவாடா இராஜதந்திரி ஒருவரின் மகள். இளமையில் மொஸ்கோவிலும் நியூயோர்க்கிலும் வாழ்ந்தவர். 1985இல் ஹாவார்ட் பல்கலைக்கழகத்திற் பொருளியற் பட்டம் பெற்றார். எண்ணெய் விலையேற்றத்தை யப்பானிய வர்த்தகம் எதிர்கொண்டவாற்றினை அவரது பட்ட ஆய்வு ஆராய்ந்தது. பின்னர் டோக்கியோப் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்று, கடினமான தேர்விற் சித்தியெய்தி, 1987இல் வெளிநாட்டமைச்சிற் சேர்ந்தார். தொழில்வாய்ப்பில் ஆண் பெண் சமத்துவத்தை வேண்டிய சட்டம் 1986இலேயே அந்நாட்டில் நடைமுறைக்கு வந்திருந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. புதிதாகத் திறந்த கதவினூடாக உள்நுழைந்த தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். அமைச்சு அவரை ஒக்ஸ்போட்டிற்கு அனுப்பியது; பட்டம் பெறாமலே 1990இல் நாடு திரும்பி, ஐக்கிய அமெரிக்காவுடனான பொருளாதார உறவுகள் பற்றிய பிரிவிற் பணியாற்றினார். 1993 ஜூன் 9ஆந் திகதி முடிக்குரிய இளவரசர் நருஹித்தோவை மணந்தார். அந்நாட்டு வழக்கின்படி, மணம்புகும் பெண்ணின் பெயர் பொதுமக்களுக்குரிய குடும்பப் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டு அரச குடும்பப் பதிவேட்டிற் சேர்க்கப்படும். பிறந்த வீட்டின் குடும்பப் பெயரும் அத்துடன் அற்றுப்போகும்.

மண அறிவிப்பையொட்டி 1993 ஜனவரியில் நடைபெற்ற பத்திரிகையாளர் சந்திப்பில் ஒவாடா இளவரசரிலும் பார்க்கச் சற்று அதிக நேரம் பேசிவிட்டார் என்பது குறையாகச் சொல்லப்பட்டது. பத்தாண்டுகளின் பின் ஸ்பெயினிலும் இதனையொத்த நிகழ்ச்சியொன்று இடம்பெற்றது. லெற்றிசியா ஒர்ட்டிஸ் மத்ரித்தில் இதழியல் பயின்றவர். செய்திப் பத்திரிகைகளிலும் தொலைக்காட்சி நிலையங்களிலும் பணியாற்றியவர். 2001இல் நியூயோர்க் கோபுரங்கள் தகர்க்கப்பட்ட இடத்திலிருந்தும், 2003இல் போரின் பின்னரான ஈராக்கிலிருந்தும் செய்தி வழங்கியவர். 2003 நவம்பரில், தமது மண ஒப்பந்தம் பற்றிப் பத்திரிகையாளரிடம் பேசிக்கொண்டிருந்தபோது இளவரசர் பிலிப்பே குறுக்கிட, தாம் சொல்லவந்ததை முடிக்க விடுமாறு கேட்டுக்கொண்டார். அச்சிறு வேண்டுகோள் பெருங் கண்டனத்துக்குள்ளாயிற்று.

இவ்விரு நிகழ்ச்சிகளும் ஒருங்குவைத்து ஆராயத்தக்கன. ஒருவர் தம் கருத்தைக் குறைவின்றி எடுத்துரைக்கப் பயின்ற இராஜதந்திரி. மற்றவர் வாக்கியத்தை முடிவுவரை கொண்டுசெல்லும் பொறுப்புடைய செய்தியாளர். இருவரும் தத்தம் தொழில் கற்பித்த ஒழுங்கின்படியே நடந்துகொண்டனர். அவர்களைப் புகழும்போது பட்டங்களையும் மொழியறிவையும் விதந்து கூறிய எழுத்துக்கள், அக்கல்வி செயலாக வெளிப்பட்ட முதற் சந்தர்ப்பத்திலேயே அதனை அடக்கமின்மை எனக் கண்டன. அரண்மனையும் அதன் புகழுரையாளரும் வேண்டுவது கற்ற பெண்ணின் பெயரையே அன்றி, அவளது கல்வியின் தொழிற்பாட்டை அன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

மசாக்கோவின் பிற்கால வாழ்வு இவ்வுண்மையின் விலையைக் காட்டுகின்றது. ஆண்வழி ஆண்மகனே அரசுரிமை பெறலாம் என்ற 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், அவரிடம் முதன்மையாக எதிர்பார்க்கப்பட்டது ஆண்மகவே. 2001இல் பிறந்தது பெண்மகவு. அவரது தொழிலையும் ஆளுமையையும் மறுக்கும் போக்குகள் இருந்தன என இளவரசரே 2004 மே மாதத்திற் பகிரங்கமாகக் கூறினார். அவ்வாண்டிலேயே, இளவரசி சூழலுக்கு இயைந்துவாழ இயலாத உளநலக் குறைபாட்டினால் வருந்துகின்றார் என அறிவிக்கப்பட்டது.

இதன்பின் எதிர்மாறான கதைவடிவமொன்று தோன்றிற்று. அவுஸ்திரேலியப் பத்திரிகையாளர் பென் ஹில்ஸ் 2006இல் வெளியிட்ட நூல், தலைப்பிலேயே மசாக்கோவை அரியணையின் கைதியெனச் சுட்டுகின்றது. யப்பானிய அரசாங்கம் அதனைக் கண்டித்தது. அங்கு மொழிபெயர்ப்பை வெளியிடவிருந்த பெரும் பதிப்பகம் 2007இல் பின்வாங்கியது. மௌனத்தைக் கலைத்த துணிவு அந்நூலுக்கு உரியதே. ஆயினும், சிறைப்பட்டவள் என்ற படிமமும் சிண்டரெல்லாப் படிமத்தின் மறுபக்கமே. முன்னையதில் இளவரசனால் உயர்த்தப்படும் பெண், பின்னையதில் அரண்மனையால் அழிக்கப்படுகின்றாள். இரண்டிலும் அவள் செயப்படுபொருளே, எழுவாய் அல்லள்.

மசாக்கோவின் மாமியாரான மிச்சிக்கோவின் வாழ்வு இவ்விரு வடிவங்களுக்குள்ளும் அடங்காதது. மாவரைக்கும் பெருந்தொழில் நிறுவனமொன்றின் தலைவரின் மகளான அவர், 1957இல் டோக்கியோவிலுள்ள திருவிருதயப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியப் பட்டம் பெற்றார். 1959இல் முடிக்குரிய இளவரசர் அக்கிஹித்தோவை மணந்தார். பல்லாண்டுகளின் பின் குழந்தைக் கவிஞர் மிச்சியோ மாடோவின் கவிதைகளை ஆங்கிலத்திற் பெயர்த்தார். அத்தொகுதி 1992இல் வெளியாயிற்று. 1994இல் மாடோவுக்கு ஹான்ஸ் கிறிஸ்தியன் அன்டர்சன் விருது கிடைத்தது. பட்டதாரி மாணவியின் இலக்கியப் பயிற்சி முப்பத்தைந்து ஆண்டுகளின் பின் ஒரு படைப்பாக வெளிவந்தமை இங்கு அவதானிக்கத்தக்கது. எனினும், பெருவழக்கான வரலாறுகளில் இம் மொழிபெயர்ப்பு ஓரிரு வரிகளே பெறுகின்றது. அவரை இளவரசர் சந்தித்த டென்னிஸ் மைதானமோ பக்கங்களை நிரப்புகின்றது.

இவர்களைச் சாமானியப் பெண்கள் எனக் கூறும் வழக்கும் ஆய்வுக்குரியது. தாதி ஒருவரின் மகளான ஒர்ட்டிஸ் நீங்கலாக, ஏனையோர் செல்வமோ உயர்பதவியோ உடைய இல்லங்களிற் பிறந்தவர்கள். சாமானியர் என்ற சொல் இங்கு பிரபுக்கள் அல்லாதோர் என்ற ஒரே பொருளையே உடையது. அச்சொல்லை விரித்து, எந்தப் பெண்ணும் அரசியாகலாம் என்ற மயக்கத்தைத் தோற்றுவிப்பதில் வெகுசன எழுத்து வெற்றிகண்டுள்ளது. அம்மயக்கத்தில், உழைப்பின்மூலம் உயர்ந்த பெண்ணின் கதை மணத்தின்மூலம் உயர்ந்த பெண்ணின் கதையாகத் திரிபடைகின்றது.

2019 மே 1ஆந் திகதி மசாக்கோ பேரரசியானார். அம்மாத இறுதியில் அமெரிக்க சனாதிபதி வருகைதந்தபோது அவர் மொழிபெயர்ப்பாளரின் துணையின்றி உரையாடியதைப் பத்திரிகைகள் வியந்தெழுதின. 2024 ஜூனில் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ கலாநிதிப் பட்டம் அளித்தது. முப்பத்துநான்கு ஆண்டுகளுக்கு முன் அங்கு ஒரு மாணவி நிறைவுசெய்யாது விட்ட ஆய்வின் இடத்தில், பேரரசியொருவருக்குரிய மரியாதை வந்தமர்ந்தது. பட்டத்தை மணமகளின் அணிகலன்களுள் ஒன்றாக எண்ணும் மனப்பாங்கு அரண்மனைகளுக்கு மட்டும் உரியதன்று. அங்கு அது மிகுந்த ஒளியுடன் காட்சிக்கு வைக்கப்படுகின்றது, அவ்வளவே. ஆதலின், இப்பெண்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் முதற்கண் வினவவேண்டுவது அவர்களை மணந்தவர் எவர் என்பதன்று. மணநாளன்று அவர்கள் மேசையில் முடிவுறாது கிடந்த வேலை யாது என்பதே.