பேயும் வெள்ளமும்: யாருடைய பயம் வரலாறாகிறது?

செட்டிநாட்டு வீடுகள் ஏன் தெருவைவிட இவ்வளவு உயரத்தில் நிற்கின்றன? பள்ளத்தூரிலோ கானாடுகாத்தானிலோ கேட்டால் ஒரு கதை கிடைக்கும். காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டது. அங்கிருந்து வந்த நகரத்தார் வெள்ளத்துக்கு அஞ்சி மேடை எழுப்பிக் கட்டினார்கள். மணிமேகலையும் கடல்கோளைச் சொல்வதால் கதைக்குப் பலம் கூடுகிறது. வானம் பார்த்த பூமியில் கடல்பயம் கல்லும் சுண்ணாம்புமாக நிற்கிறது. இதை யாரும் மூடநம்பிக்கை என்பதில்லை. மரபு என்கிறார்கள்.

இதே வட்டாரத்தில் வேறொரு பயமும் உண்டு. ‘உச்சி வெயில்ல கம்மாக்கரைப் பக்கம் போகாதடா, முனி அடிச்சிரும்.’ இது மட்டும் பேய்க்கதையாகிவிடுகிறது. உச்சிவெயிலில் திறந்தவெளியில் நிற்க நேர்கிறவர் யார்? கூலிக்காரர்தான். வேலையை நிறுத்தும் உரிமை அவருக்கு இல்லை; முனிக்கு இருக்கிறது. அந்த அளவில் முனி அவர் பக்கம். ஆனால் ஆள் சுருண்டு விழுந்து செத்தபின், ‘முனி அடிச்சிருச்சு’ என்ற ஒரே சொல்லில் வழக்கு முடிந்துவிடுகிறது. வேலை வாங்கியவரை யாரும் கேட்பதில்லை. ஒரே கதையாடல் காப்பாற்றவும் செய்கிறது, மறைக்கவும் செய்கிறது.

தென்மாவட்டக் கண்மாய்க் கதைகளில் இது இன்னும் அப்பட்டம். கரை உடைகிறது, பலி கேட்கிறது. பல கதைகளில் பலியாவது சூல்கொண்ட பெண், அல்லது ஒடுக்கப்பட்ட சாதி ஆள். பிறகு அந்த உயிர் மடைக்கருகே தெய்வமாகிறது. ஆண்டுக்கொரு பொங்கலோடு கொலை மறக்கப்படுகிறது. நீர் யாருடைய வயலுக்குப் பாய்ந்தது என்பதைக் கதை சொல்வதில்லை.

அரசும் பேய்க்கதை சொல்லும். 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பயணிகள் ரயிலில் வந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. ‘பேய் நகரம்’ என்ற பட்டமும் ஒட்டிக்கொண்டது. மீனவக் குடும்பங்களோ அங்கேயே கொட்டகை போட்டு வாழ்கின்றன. 2017இல் அரிச்சல்முனை வரை சாலை திறந்தபின் இடிந்த தேவாலயத்தைப் பார்க்கக் கூட்டம் வருகிறது. பேய் நகரத்தில் குடிமக்கள் இருக்க முடியாதே! அப்புறம் குடிநீரும் மின்சாரமும் கேட்பது யார்?

பகுத்தறிவாளர் இக்கதைகளைத் தள்ளுகிறார். நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் சேகரித்து அடுக்குகிறார். இரண்டு பேருமே செத்தவரின் பெயரைக் கேட்பதில்லை. பேய் உண்டா இல்லையா என்பதல்ல நம் கேள்வி. பேயாக்கப்பட்டவர் யார், அதனால் தப்பித்தவர் யார்? அங்கிருந்துதான் வாசிப்பைத் தொடங்க வேண்டும்.