கம்பியின் எடையும் கணிப்பொறியின் கணக்கும்

வட சென்னையில் திருவொற்றியூரை அடுத்த சாத்தாங்காட்டில் பெரியதோர் இரும்பு அங்காடி உள்ளது. ஜார்ஜ் டவுனின் நெருக்கடியான தெருக்களில் நடந்துவந்த இரும்பு வாணிகத்தை அங்கிருந்து மாற்றுவதற்காகச் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் அமைத்த அங்காடி இது. கம்பி, தகடு, ஆங்கிள், குழாய் முதலியவை இங்கே நாள்தோறும் லாரிகளில் ஏறுகின்றன. முன்பெல்லாம் சரக்கு ஏறி, கயிறு கட்டி, பில்லைக் கையில் கொடுத்துவிட்டால் வண்டி புறப்பட்டுவிடும். இப்பொழுது அது போதாது. கணிப்பொறியிலிருந்து ஓர் எண் வந்தாக வேண்டும்.

"நிறுவனங்கள் எல்லாம் கணிப்பொறி முறைக்கு மாற வேண்டும்" என்ற பேச்சு எங்கும் கேட்கிறது. மாறுவதற்கு முன் ஒரு நிறுவனம் எவற்றை ஆயத்தம் செய்துகொள்ள வேண்டும் என்பது பற்றிய பேச்சோ குறைவு. நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்துவிட்ட ஒரு மாற்றத்தை எடுத்துக்கொண்டு, அதன் நிறைகுறைகளைச் சாத்தாங்காட்டு லாரியின் பக்கத்தில் நின்று ஆராய்வோம்.

மின்வழிச் சீட்டு

சரக்கு சேவை வரி 1.7.2017இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கை வண்டியில் அனுப்ப 'இ-வே பில்' எனப்படும் மின்வழிச் சீட்டு தேவை. தமிழ்நாட்டிற்குள்ளேயே செல்லும் சரக்கிற்கு இவ்வரம்பு 1 இலட்சம் ரூபாய். சீட்டின் முதற்பகுதியில் சரக்கின் பெயர், குறியீட்டு எண், அளவு, மதிப்பு ஆகியவை இடம்பெறும். இரண்டாம் பகுதியில் வண்டியின் எண் இருக்கும். வழியில் சரக்கை வேறு வண்டிக்கு மாற்ற நேர்ந்தால் இரண்டாம் பகுதியை மட்டும் புதுப்பித்தால் போதும். சாலையில் நடப்பதை அறிந்து செய்த ஏற்பாடு இது, பாராட்டத்தக்கது.

ஆனால் இத்திட்டத்தின் தொடக்கம் நன்றாக அமையவில்லை. தேசியத் தகவலியல் மையம் உருவாக்கிய இம்முறை, 2018 சனவரி நடுவிலிருந்து வெள்ளோட்டம் பார்க்கப்பட்டு, 1.2.2018 அன்று மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் சரக்குகளுக்குக் கட்டாயமாயிற்று. அன்றைக்கே அமைப்பு தடுமாறியது. சீட்டு எடுக்க இயலாமல் வணிகர்கள் தவித்தனர். அரசு அன்றே கட்டாயத்தை ஒத்திவைத்தது.

வெள்ளோட்டம் நடந்த பின்னும் ஏன் இப்படி ஆயிற்று? நம் ஆய்வுக்கூடத்தில் கம்பியின் யங் குணகம் காணும் சோதனையை மாணவர்கள் அறிவார்கள். ஒரு கிலோகிராம் எடையைத் தொங்கவிட்டபோது கம்பி தாங்கியது என்பதால் நூறு கிலோகிராமையும் தாங்கும் என்று சொல்ல முடியுமா? விரும்பியவர்கள் மட்டும் பயன்படுத்திய காலத்துச் சுமை வேறு. அனைவரும் ஒரே காலையில் வந்து நிற்கும் சுமை வேறு.

இரண்டாம் முறை அரசு படிப்படியாகச் சென்றது. 1.4.2018இல் மாநிலங்களுக்கிடையே கட்டாயமாயிற்று. மாநிலத்திற்குள் செல்லும் சரக்கிற்கு 15.4.2018இல் ஆந்திரம், குசராத், கேரளம், தெலங்கானா, உத்தரப் பிரதேசம் ஆகிய ஐந்து மாநிலங்கள் சேர்ந்தன, தமிழ்நாட்டில் 2.6.2018இல் வந்தது. ஒரு கடைக்காரரும் இதையே பின்பற்றலாம்: எல்லாக் கிளைகளையும் ஒரே நாளில் மாற்றாமல் ஒன்றன்பின் ஒன்றாக மாற்ற வேண்டும்.

எது எடை?

இனி, கடைக்குள் நுழைவோம். கணிப்பொறி 'அளவு எவ்வளவு?' என்று கேட்கிறது. எளிய கேள்விபோல் தோன்றுகிறது. ஆனால் இரும்புக் கடையில் இதற்கு இரண்டு விடைகள் உண்டு.

கம்பியின் எடையைக் கணக்கிட ஒரு வாய்பாட்டைக் கட்டட வேலை செய்பவர்கள் அனைவரும் அறிவர்: மில்லிமீட்டரில் விட்டத்தின் வர்க்கத்தை 162ஆல் வகுத்தால், ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோகிராமில் கிடைக்கும். எஃகின் அடர்த்தி கன மீட்டருக்கு 7,850 கிலோகிராம் என்பதிலிருந்து பிறந்த எண்தான் இந்த 162. இதன்படி 12 மி.மீ. கம்பி மீட்டருக்கு 0.89 கி.கி.; 12 மீட்டர் நீளமுள்ள ஒரு கம்பி ஏறத்தாழ 10.67 கி.கி. அத்தகைய கம்பிகள் 900 ஏற்றினால் 9,600 கி.கி.

இது வாய்பாட்டு எடை. எடைமேடையில் வண்டியை நிறுத்தினால் என்ன வரும்? கம்பிக்குரிய இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 1786, 10 மி.மீ.க்கு மேல் 16 மி.மீ. வரையுள்ள கம்பிகளின் தொகுதிக்கு நூற்றுக்கு 5 கூடவோ குறையவோ இடம் தருகிறது. கம்பி 4 விழுக்காடு மெலிதாக உருட்டப்பட்டிருந்தால் மேடை 9,216 கி.கி. என்றே காட்டும். வேறுபாடு 384 கி.கி. இதில் களவும் இல்லை, கருவியின் பழுதும் இல்லை. எனினும் பில்லில் ஒன்றும் எடைச்சீட்டில் மற்றொன்றுமாக இருந்தால், வழியில் சோதிக்கும் அலுவலர் கேள்வி கேட்கத்தானே செய்வார்?

என் பழைய மாணவர் ஒருவர் இப்பகுதியில் ஓர் இரும்புக் கடையில் கணக்கெழுதுகிறார். அங்கே புதிய மென்பொருளை நிறுவிய முதல் வாரத்தில், கிடங்கு நிறையக் கம்பி இருக்கையில், திரை 'இருப்பு இல்லை' என்று காட்டியதாம். தேடிப் பார்த்தபோது, பழைய பேரேட்டில் ஒரே கம்பி '12 எம்.எம்.', 'பன்னிரண்டு கம்பி', 'அரை இஞ்ச்' என்று மூன்று பெயர்களில் இருந்தது. அதை அப்படியே ஏற்றியதால் கணிப்பொறி மூன்று சரக்குகளாகக் கொண்டது. சரிசெய்து முடிக்கும் வரை லாரி ஓட்டுநர் வாசலில் காத்துக் கிடந்தார். அந்த அரை நாள் வாடகையை அவருக்கு யார் கொடுப்பது?

முத்திரை எதற்குச் சான்று?

மின்வழிச் சீட்டையடுத்து வந்தது மின்பில். 1.10.2020இல் 500 கோடி ரூபாய்க்கு மேல் ஆண்டு விற்பனையுள்ள நிறுவனங்களுக்குத் தொடங்கி, வரம்பு படிப்படியாகக் குறைந்து, 1.8.2023 முதல் 5 கோடிக்கு மேற்பட்டோருக்கும் வந்துவிட்டது. வணிகருக்கு வணிகர் விற்கும் ஒவ்வொரு பில்லுக்கும் 64 எழுத்துகள் கொண்ட அடையாள எண் கிடைக்கிறது. விற்பவரின் வரிப்பதிவு எண், பில்லின் வகை, பில் எண், நிதியாண்டு ஆகிய நான்கையும் ஒரு கணித முறையில் அரைத்து இந்த எண்ணைப் பெறுகிறார்கள். பில் எண்ணில் 415ஐ 416 என்று மாற்றினாலும் அடையாள எண் அடையாளமே தெரியாமல் மாறிவிடும். ஒரே பில்லை இருமுறை பதிய முடியாது. பில்லின் மீது மின்னணுக் கையெழுத்தும் இடப்படுகிறது. பின்னர் யாரும் எதையும் திருத்த இயலாது.

அருமையான ஏற்பாடுதான். ஆனால் இங்கேதான் பலர் மயங்குகிறார்கள். பதிந்த பின் மாற்றப்படவில்லை என்பதற்கே இம்முத்திரை சான்று. பதிந்தது உண்மை என்பதற்கு அன்று. 9,600 என்று தவறாகப் பதிந்தால் அத்தவற்றையும் அதே உறுதியோடு அது காத்து நிற்கும்.

திருத்த வழி

மின்வழிச் சீட்டில் சரக்கு விவரம் பிழையானால் திருத்த முடியாது; 24 மணி நேரத்திற்குள் நீக்கிவிட்டுப் புதிதாக எடுக்க வேண்டும். ஆய்வுக்கூடக் குறிப்பேட்டில் தவறு நேர்ந்தால் தாளைக் கிழிக்காதே, ஒரு கோடிட்டு அடித்துப் பக்கத்தில் சரியானதை எழுது என்று மாணவர்களுக்குச் சொல்கிறோம். தவறும் தெரியும், திருத்தமும் தெரியும். அத்தகைய வழி இங்கு இல்லாதது குறையே.

பிழையின் விலையும் சிறிதன்று. சட்டத்தை மீறி வண்டி பிடிபட்டால், 1.1.2022 முதல், சரக்கின் உரிமையாளர் வரியைப் போல் இருமடங்கு தண்டம் கட்டியே அதை மீட்க இயலும். நல்லவேளையாக, 14.9.2018இல் வெளியான சுற்றறிக்கை, வண்டி எண்ணில் ஓரிரு எழுத்துப் பிழை போன்ற சிறு தவறுகளுக்கு மத்திய, மாநிலச் சட்டங்களின்கீழ் தலா 500 ரூபாய் தண்டம் போதும் என்றது. மனிதர் தவறு செய்வர் என்ற உண்மையைத் திட்டம் தொடங்கிய பின்னரே அது ஏற்றுக்கொண்டது. வரைவிலேயே ஏற்றிருக்க வேண்டும்.

ஆகவே செய்ய வேண்டியவை

மென்பொருள் வாங்குமுன் ஒரு நிறுவனம் சில வேலைகளை முடிக்க வேண்டும். ஒரு பொருளுக்கு ஒரே பெயர் வைக்க வேண்டும். எந்த எடை பில்லுக்குரியது என்று எழுதி வைக்க வேண்டும். எடைமேடையை உரிய காலத்தில் சோதித்து முத்திரை பெற வேண்டும். பழைய பேரேட்டையும் புதிய கணக்கையும் ஒரு மாதமேனும் இணையாக நடத்தி, வேறுபாடு வரும் இடங்களைத் தேட வேண்டும். மாதக் கடைசியின் நெரிசலில் ஒருமுறை சோதிக்க வேண்டும். மின்சாரமோ இணைப்போ அற்றுப்போனால் என்ன செய்வது என்று முன்னரே முடிவு செய்ய வேண்டும். இவை எல்லாவற்றிலும் கணக்கரையும் எடைமேடைக்காரரையும் ஓட்டுநரையும் கேட்க வேண்டும். பிழை வந்தால் முதலில் வெயிலில் நிற்பவர்கள் அவர்களே.

மாணவர்கள் தாங்களே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். வீடு கட்டும் இடத்தில் கிடைக்கும் 12 மி.மீ. கம்பித் துண்டில் சரியாக ஒரு மீட்டர் அளந்து வெட்டித் தராசில் நிறுத்துப் பாருங்கள். வாய்பாடு தரும் விடை ஏறத்தாழ 889 கிராம். உங்கள் தராசு எவ்வளவு காட்டுகிறது? அவ்வேறுபாட்டைக் குறித்துக்கொண்டு, இதைக் கணிப்பொறியில் எப்படிப் பதிவீர்கள் என்று யோசியுங்கள்.