ஊர்விட்டுப் போன அசுரர்கள்

1985இல் வெளிவந்த ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ்’ விளையாட்டின் வில்லன் பவுசரின் முதுகில் ஆமை ஓடு, தலையில் இரண்டு கொம்புகள். ஆமைக்குக் கொம்பு ஏது? அவனைப் படைத்த ஷிகெரு மியாமோட்டோ முதலில் மனதில் வைத்திருந்தது ஆமையை அல்ல, காளையை. 1960இல் ஜப்பானின் தோயி நிறுவனம் எடுத்த ஒரு கார்ட்டூன் படத்தில் வரும் காளை அரக்கன் அது. உடன் வேலை செய்த தகாஷி தெசுகாவின் கண்ணுக்கு அது ஆமையாகத் தெரிந்தது. இருவரும் பேசி, உருவத்தை ஆமையாகவே மாற்றினார்கள். கொம்பு அந்தக் காளையின் மிச்சம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அந்தப் படத்துக்கு மூலம் ‘மேற்கு நோக்கிய பயணம்’ என்ற சீன நாவல். பௌத்த நூல்களைத் தேடி இந்தியாவுக்கு வந்த துறவி யுவான் சுவாங்கின் பயணத்தை நூறு அத்தியாயங்களில் மாயக்கதையாக விரித்த நூல்; 1592இல் அச்சேறியது. அதில் காளை அரக்கனுக்கு மனைவி உண்டு, மகன் உண்டு, மனக்கசப்பு உண்டு. ஒருகாலத்தில் அவன் குரங்கு வீரன் சுன் வூகோங்கின் உறவு சொல்லிக்கொண்ட அண்ணன். மரியோவுக்கு வந்து சேர்ந்தபோது அவனிடம் எஞ்சியது ஒரு கோட்டையும் ஓர் இளவரசியைக் கடத்தும் வேலையும்தான்.

வீடியோ கேம் வில்லன்களின் பூர்விகத்தைத் தேடிப் போனால் இந்த இழப்பைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். பெயர் பயணப்படுகிறது, உருவமும் பயணப்படுகிறது. அந்தப் பாத்திரம் ஏன் அப்படி ஆனது என்ற கதை வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது.

தியாமத்துக்கு நேர்ந்தது இதில் மிகக் கொடியது. பாபிலோனியரின் படைப்புக் காவியத்தில் அவள் ஆதிக்கடல், தேவர்களின் தாய். இளைய தேவர்களின் கூச்சல் தாங்காமல் அவர்களைக் கொன்றுவிடலாம் என்று கணவன் அப்சு சொல்கிறான். பெற்ற பிள்ளைகளை அழிப்பதா என்று தடுப்பவள் அவள்தான். அந்தப் பிள்ளைகளோ முந்திக்கொண்டு அப்சுவைக் கொன்றுவிடுகிறார்கள். அதன் பிறகே அவள் போருக்கு எழுகிறாள். இளைய தேவர்களில் ஒருவனான மர்துக் அவள் உடலை இரண்டாகப் பிளந்து ஒரு பாதியை வானமாக்குகிறான். 1977இல் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற மேசை விளையாட்டின் அரக்கர் கையேட்டில் அவள் ஐந்து தலை டிராகன். 1987இல் வந்த முதல் ‘ஃபைனல் ஃபேன்டஸி’யிலும் பல தலை டிராகன்தான், வழிமறிக்கும் நான்கு பூதங்களில் ஒன்று. தாயும் இல்லை, கடலும் இல்லை. இன்று அந்தப் பெயரைக் கேட்ட பலருக்கும் டிராகன்தான் நினைவுக்கு வரும் என்பது எனக்கு வருத்தமான செய்தி.

எல்லாப் பயணமும் இப்படி முடிவதில்லை. நம் ‘அசுரன்’ பௌத்தத்தோடு சீனா வழியாக ஜப்பான் போனான். நாராவின் கோஃபுகுஜி கோயிலில் 734இல் செய்த அசுரன் சிலை இன்றும் இருக்கிறது. மூன்று முகம், ஆறு கை, மெலிந்த இளைஞனின் உடல். நடுமுகத்தின் நெற்றிச் சுருக்கத்தில் கோபத்தைவிடக் கவலையே அதிகம். புத்த தர்மத்துக்குக் காவல் நிற்பவன் அவன். 2012இல் வந்த ‘அசுராஸ் ராத்’ விளையாட்டில் அவன் மகளை மீட்கப் போராடும் தகப்பன். வில்லன்கள் அவனுக்குத் துரோகம் செய்த தேவர்கள்.

மூலக்கதையின் வலியை அப்படியே சுமக்கும் வில்லி என்று நான் முதலில் சொல்வது 2008இல் வந்த ‘பெர்சோனா 4’ விளையாட்டின் இஸனாமியை. 712இல் தொகுக்கப்பட்ட ‘கோஜிகி’யில் அவள் ஜப்பான் தீவுகளை ஈன்ற தாய். நெருப்புக் கடவுளைப் பெற்றபோது வெந்து இறக்கிறாள். கணவன் இஸனாகி பாதாளம்வரை தேடி வருகிறான். என்னைப் பார்க்காதே என்கிறாள். அவன் சீப்பின் ஒரு பல்லை உடைத்து, தீ மூட்டிப் பார்க்கிறான்; புழு நெளியும் உடல். ஓடுகிறான். துரத்தி வந்தவளைப் பாறை வைத்து அடைக்கிறான். பாறைக்கு அந்தப் பக்கமிருந்து, உன் நாட்டில் தினம் 1000 பேரைக் கொல்வேன் என்கிறாள். நான் தினம் 1500 பேரைப் பிறக்கவைப்பேன் என்கிறான் அவன்.

விளையாட்டிலோ ஒரு சிற்றூர். தொடக்கத்தில் பெட்ரோல் பங்கில் வேலை செய்யும் ஒருவர் கதாநாயகனுக்குக் கைகொடுக்கிறார். பிறகு அவனுக்குத் தலை சுற்றுகிறது. அவ்வளவுதான். அந்தக் கைதான் இஸனாமி. ஊரைவிட்டுக் கிளம்பும் கடைசி நாளில் இன்னும் ஏதோ மிச்சமிருக்கிறது என்று தேடாதவர்கள், அவளைச் சந்திக்காமலே ஆட்டத்தை முடித்துவிடுவார்கள். அன்று உண்மையைப் பார்த்துவிட்டு ஓடியவனின் பெயரைத் தாங்கிய சக்தியோடுதான் கதாநாயகன் இன்று அவள் எதிரில் நிற்கிறான். இந்த முறை கண்ணை எடுப்பதில்லை. அவள் ஆயிரமாயிரம் சாபங்களை ஏவ, அவன் அதற்கும் மேலான எண்ணிக்கையில் மெய்ச்சொற்களால் விடை சொல்கிறான். பாறைக்கு இருபுறமும் நின்று பேசிய பழைய கணக்கு 1296 ஆண்டுகளுக்குப் பின்னும் தொடர்கிறது.

2018இல் வந்த ‘காட் ஆஃப் வார்’ செய்தது வேறு. ஸ்னோரி 13ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்த நார்ஸ் புராணத்தில் பால்டர் எல்லோருக்கும் பிரியமானவன். அவனுக்குத் தீங்கு செய்ய மாட்டோம் என்று தாய் எல்லாப் பொருள்களிடமும் சத்தியம் வாங்குகிறாள். புல்லுருவியை மட்டும் விட்டுவிடுகிறாள். சூழ்ச்சிக்காரத் தேவன் லோகியின் சூதால் அதுவே அவனைக் கொல்கிறது. விளையாட்டை எழுதியவர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள்: எதுவும் தைக்காத உடலில் எது இனிக்கும்? தாயின் மந்திரத்தால் அவர்களுடைய பால்டருக்கு உணவில் ருசி இல்லை, தொடுகை தெரியாது. அவன் வெறுப்பு முழுவதும் தாய்மீது. இறுதிச் சண்டையில் கதாநாயகனின் மகனான சிறுவன் அத்ரேயஸின் நெஞ்சில் பால்டர் குத்தும்போது, அறுந்த அம்பறாத்தூணி வாரில் செருகியிருந்த புல்லுருவி முனை அவன் கையில் ஏறுகிறது. வலிக்கிறது. அவன் சிரிக்கிறான். அந்தச் சிறுவனின் இன்னொரு பெயர் லோகி என்று பின்னால் தெரியவரும்போதுதான், கதையைத் தலைகீழாக்கியும் விதியை அவர்கள் மாற்றவில்லை என்பது புரிகிறது.

2024 ஆகஸ்டில் காளை அரக்கன் ஊர் திரும்பினான். சீனாவில் உருவான ‘பிளாக் மித்: வூகோங்’ மூன்றே நாளில் ஒரு கோடிப் பிரதிகள் விற்றது. ஷான்ஷி மாகாணத்துப் பழங்கோயில்களின் சிற்பங்களை அளந்து அப்படியே திரைக்குள் கொண்டுவந்தார்கள். காளை அரக்கனின் குடும்பத்துக்கு ஒரு முழு அத்தியாயம். மகன் செம்பிள்ளை அதன் முடிவில் யட்ச அரசனாக உருமாறி மோதுகிறான். யட்சன் இங்கிருந்து போன சொல். அதன் பெண்பால் யட்சி தமிழில் இயக்கியாகி, குமரி, நெல்லைப் பக்கம் கையில் பிள்ளையோடு நிற்கும் இசக்கியம்மனாயிற்று. கொடூரமாகச் செத்தவளைக் கொல்ல முடியாது, சாந்தப்படுத்தத்தான் முடியும் என்பது அந்த வழிபாட்டின் அடிப்படை.

அதே எண்ணத்தைப் போலந்தில் உருவான ‘விட்சர் 3’ (2015) விளையாட்டில் கண்டு நான் அசந்துபோனேன். ஸ்லாவிய நாட்டார் நம்பிக்கையில், முறையாகப் புதைக்கப்படாத குறைப்பிரசவச் சிசு பேயாக எழும். விளையாட்டில் அப்படி ஒரு சிசு. அது குடித்துவிட்டு மனைவியை அடித்த ஒரு கோட்டைத் தலைவனின் பிள்ளை. வாளெடுத்து வெட்டிவிட்டுப் போகலாம், விளையாட்டு தடுக்காது. இன்னொரு வழியும் உண்டு. இரவில் அந்தத் தகப்பன் அதைக் கைகளில் ஏந்தி நடக்கிறான். அது நெளிந்து உறுமும்போதெல்லாம் நாம் அமைதிப்படுத்தவேண்டும். வீட்டு வாசற்படியில் குழி தோண்டி, மகளே என்று ஏற்று, தேயா என்று பெயர் வைத்து அடக்கம் செய்கிறான். அதன்பின் அந்தக் குழந்தை வீட்டைக் காக்கும் ஆவியாக எழுந்து, வீட்டைவிட்டுப் போன தாயின் தடத்தை நமக்குக் காட்டியபடி முன்னால் போகிறது.