கம்பியிலிருந்து பார்க்கத் தொடங்குங்கள்

பெங்களூரு பிரேசர் டவுன்காரர்களுக்குப் போர் விமானம் எட்டாத பொருளல்ல. பழைய விமான நிலையச் சாலையில் உள்ள எச்.ஏ.எல். அருங்காட்சியகத்துக்குப் போனால், 1961-இல் இதே ஊரில் முதன்முதலாகப் பறந்த மாருத் ரகத்தை அருகில் நின்று பார்க்கலாம். அதன் இறக்கையைத் தாங்க வெளியே ஒரு கம்பிகூடக் கிடையாது. மாருத்துக்குப் பழகிய கண்ணுக்கு, 1930-களின் இரட்டை இறக்கைப் போர் விமானம் கட்டையும் கம்பியுமாகப் பாதியில் விட்ட வேலைபோலத் தெரியும். பழைய காலத்து அழகு என்று சொல்லிப் பலர் நகர்ந்துவிடுகிறார்கள். அது போதாது, ரசிக்க வேண்டியதே அந்தக் கம்பிகளைத்தான்.

சிட்னி கேம் வடிவமைத்து, 1931-இல் பிரிட்டிஷ் விமானப் படையில் சேர்ந்த ஹாக்கர் ஃப்யூரியின் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேலிறக்கைக்கும் கீழிறக்கைக்கும் நடுவே குறுக்காக ஓடும் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கண்ணால் தொடருங்கள். உடலின் அடியிலிருந்து மேலிறக்கையை நோக்கி ஏறுபவை, பறக்கும்போது இறக்கைகள் மேலே மடங்கிவிடாமல் இழுத்துப் பிடிக்கின்றன. மேலே நடுவிலிருந்து கீழிறக்கைக்கு இறங்குபவை, தரையில் இறக்கைகளின் பாரத்தையும் இறங்கும்போது விழும் அதிர்ச்சியையும் வாங்கிக்கொள்கின்றன. ரயில் பாலத்தின் இரும்புச் சட்டம் நிற்பதும் இதே கணக்கில்தான். இறக்கை மெலிந்திருக்கலாம், குட்டையாக இருக்கலாம், எடை குறையலாம். பரப்பு மட்டும் குறையாது. அதனால்தான் ஃப்யூரி சட்டென்று வளைந்து திரும்பியது. வெறும் 525 குதிரைத்திறனில், மணிக்கு 200 மைலைத் தாண்டிய அப்படையின் முதல் சண்டை விமானமும் அதுவே.

கம்பி காற்றைத் தடுக்காதா, கேமே 1935-இல் ஒற்றை இறக்கை ஹரிக்கேனுக்கு மாறிவிட்டாரே என்று கேட்கலாம். தடுக்கும், மாறினார். ஆனால் ஹரிக்கேனுக்குக் கிடைத்த மெர்லின் எஞ்சின் ஏறத்தாழ இரு மடங்கு வலுவுள்ளது. அந்த வலு கைக்கு வராத நாளில் இரண்டு இறக்கை போட்டது சரியான கணக்கு. அதைப் பிற்போக்கு என்பது அநியாயம். போதாததற்கு, உலோகக் குழாய்களைச் சட்டமாகப் பூட்டித் துணி போர்த்தும் ஃப்யூரியின் முறை ஹரிக்கேனின் உடலில் அப்படியே தொடர்ந்தது. 1933-இல் நான்கு வாபிட்டி இரட்டை இறக்கை விமானங்களோடு கராச்சியில் தொடங்கிய நம் விமானப் படையின் முதல் ஸ்குவாட்ரன், 1944-இல் அர்ஜன் சிங் தலைமையில் இம்பாலில் ஓட்டியது இந்த ஹரிக்கேனைத்தான்.

அந்தக் கம்பிகளை நேரில் பார்க்க ஆசையா? டெல்லியில் உள்ள இந்திய விமானப் படை அருங்காட்சியகத்தில் ஒரு வாபிட்டி பாதுகாக்கப்பட்டிருக்கிறது. அது சண்டை விமானமல்ல, பலவேலை பார்த்த இருவர் விமானம். இருந்தாலும் கட்டுமானம் அதே குடும்பம். பக்கவாட்டில் நிற்காதீர்கள், கம்பிகள் ஒன்றையொன்று மறைத்துவிடும். மூக்குக்கு நேரே நின்று பாருங்கள்.